பேட்டரி ஓரத்து போல்ட்டு

தம்பி இங்க இல்லீங்க. வெளிய போர்டுல பேரைப் பாத்துட்டுக் கேக்கறீங்க, தெரியுது. 'துளசி வெள்ளிங்கிரி ஆட்டோ ஒயரிங்.' துளசி நானுங்க, துளசிமணி. வெள்ளிங்கிரி என்ற கூடப் பொறந்தவன், என்னைவிடப் பத்து வயசு எளையவன். அவன் இங்கிருந்து போயி ஒண்ணேகால் வருசமாச்சு. போர்டை அழிச்சு எழுதோணும் எழுதோணும்னு பாக்கறேன், பெயிண்டர் ஆளு அமைய மாட்டேங்குது.

உக்காருங்க. அதுல வேண்டாம், அந்த ஸ்டூலு ஆடும். ஏனுங்க, சேலத்துல இருந்தா வாரீங்க? கொலுசுப் பட்டறை வெச்சிருக்கீங்களா? அப்படீன்னா உங்ககிட்டப் பேசலாமுங்க. பத்தவெப்புன்னா என்ன, ஒரு நூலு பெசகுனா என்னாகும்னு உங்களுக்குத் தெரியும். இங்க வாரவங்க பாதிப்பேருக்கு ஒயருன்னா செவப்பும் கருப்பும்தான்.

பெட்டியைப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். மூக்குதானே? நாங்க மூக்குன்னுதான் சொல்றதுங்க. பொகை போற கொழாயில ஓட்டை போட்டு இதைத் திருகி வெச்சுட்டா, உள்ள எரிஞ்சு வார பொகையை மோந்து பாத்துக்கிட்டே இருக்கும். பெட்ரோல் எச்சா, கம்மியான்னு காரோட கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டரு அதைக் கேட்டுக்கிட்டு பெட்ரோலைக் கூட்டும், கொறைக்கும். கம்பெனியில இருந்து வாரப்பவே காருல ஒரு மூக்கு இருக்குது, ஆனா அது சளி புடிச்ச மூக்கு. எச்சு, கம்மி, ரெண்டே வார்த்தைதான் அதுக்குத் தெரியும். இது அப்படியில்லை. நெம்பர் போட்டுச் சொல்லும். முழு வேகத்துல போறப்ப பன்னெண்டரை இருந்தா இஞ்சின் சௌக்கியமா இருக்குதுன்னு அர்த்தம். பதிமூணரை, பதினாலுன்னு ஏறுச்சுன்னா பெட்ரோல் பத்தலை. பெட்ரோல் பத்தலைன்னா சூடு. சூடுன்னா... சரி, அதை அப்பறம் சொல்றேன்.

கட்டித் தாரனுங்க. அதுக்கென்ன. மேப்பு போடறதுக்கு மட்டும் வேற ஆளைப் பாத்துக்கோணும். எந்த வேகத்துல எத்தனை பெட்ரோல் வுடோணும்னு கம்ப்யூட்டருக்குள்ள எழுதறதுதான் மேப்பு. அது தம்பி வேலை. ஒயரு நான், லேப்டாப் அவன். அப்படித்தான் ஆறு வருசம் ஓட்டுனோம்.

ஏன் போனான்னு உங்களுக்குக் கேக்கத் தோணுது. கேளுங்க, நான் ஒண்ணும் ஒளிச்சு வெக்கலை. ஊருக்குள்ள வேற மாதிரி பேசிக்கறாங்க, அக்காகாரி தம்பியைத் தொரத்திட்டான்னு. நான் தொரத்தலீங்க. அவனே தப்பை ஒத்துக்கிட்டான். பத்துப் பேரு முன்னால, அவன் வாயாலயே. நான் என்ன பண்ணட்டும்?

மொதல்ல என்ற கையைப் பத்திச் சொல்லோணும். பெருமைக்குச் சொல்லலீங்க. பெரியநாய்க்கன்பாளையம் பக்கம் ஒரு ஒயரிங் கம்பெனியில இருபத்திரண்டு வருசம் வேலை பாத்தேன். காருக்குள்ள ஓடற ஒயரு மொத்தத்தையும் பலகையில விரிச்சு, பின் அடிச்சு, டேப்பு சுத்தி, ஒரே கொடியாட்டக் கட்டி அனுப்பற வேலை. முந்நூறு பொம்பளைங்க லைன்ல. புதுசாச் சேந்த புள்ளைங்களுக்கு நான் சுத்துன டேப்பைத்தான் சூப்பர்வைசரு எடுத்துக் காட்டுவாரு. 'துளசி சுத்துனா தறியில சுத்துன மாதிரி'ம்பாரு. இருபத்திரண்டு வருசத்துல என்ற கைபட்ட ஒரு பீஸு திரும்பி வந்ததில்லை. ஒண்ணு கூட.

கடைசி வருசம் கண்ணுல என்னமோ மங்கல். கம்பெனியில டெஸ்ட்டு வெச்சாங்க. லைன்ல இருந்து எடுத்து பேக்கிங்ல போட்டுட்டாங்க. அட்டைப்பெட்டி ஒட்டற வேலைங்க. ரெண்டு மாசம் போனேன், அப்பறம் போகலை. ஊட்ல போயிப் படுத்தவதான். சோறு எறங்கலை. டாக்டரு பாத்துட்டு ஒடம்புக்கு ஒண்ணுமில்லைன்னுட்டாரு. ஒண்ணுமில்லைதான். ஆனா எந்திரிக்க முடியலை. காலையில ஷிப்டு பஸ்ஸு ஆரன் அடிச்சா செவுத்துப் பக்கம் திரும்பிக்குவேன். எனக்கு வாச்ச மனுசன் எப்பவோ போயிச் சேந்தாச்சு, புள்ளை குட்டியும் இல்லை. அவன்தான் தெனமும் வந்து பக்கத்துல உக்காந்துக்குவான், வெள்ளிங்கிரி. ஒண்ணும் பேச மாட்டான். கண்ணு ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போனதும் அவன்தான். ஒருநாள் ஒரு கட்டு ஒயரைக் கொண்டாந்து என்ற மடியில போட்டான். 'அக்கா, கணபதியில கடை புடிச்சுட்டேன். உன்ற கை இல்லாட்டி நடக்காது'ன்னான். போர்டுல என்ற பேரை மொதல்ல எழுதச் சொன்னதும் அவன்தான்.

நல்லவன்தானுங்க. நல்லவன் இல்லைன்னு நான் எங்கயும் சொன்னதில்லை. தொழில்ல அவசரக்காரன், அவ்வளவுதான்.

போஜன்னு ஒருத்தரு வந்தாரு. கோத்தகிரிக்காரரு, படுகரு. தேயிலைத் தோட்டம் இருக்குது. முப்பத்தெட்டு வயசிருக்கும், கலியாணமில்லை. பழைய வெள்ளைக் காரு ஒண்ணு வெச்சிருந்தாரு, கம்பெனி பேரெல்லாம் எதுக்குங்க. அதுக்கு வேகம் கூட்டற டர்போ மாட்டி, புதுக் கம்ப்யூட்டரு வெச்சு, பந்தய டிராக்ல ஓட்டோணும்னு ஆசை. நாலு வருசமா ஒவ்வொரு கடையா ஏறி எறங்கியிருக்காரு, ஒருத்தனும் உருப்படியாச் செய்யலை. 'அக்கா, எனக்குக் கப்பெல்லாம் வேண்டாம். ஒரு தடவையாவது நடுவுல நிக்காம ஓடி முடிக்கணும், அது போதும்'பாரு. வாரப்பெல்லாம் ஒரு பை வர்க்கி கொண்டாருவாரு. சிரிச்ச மொகம்.

மூணு வாரம் இருந்து கட்டுனனுங்க அந்தக் காரை. பழைய ஒயரை மொத்தமா உருவிப் போட்டுட்டு புதுசு. கம்ப்யூட்டருக்குப் போற கொடி இருக்குதே, அதை நீங்க பாத்திருக்கோணும். சாரைப்பாம்பாட்ட வழவழன்னு, ஒரு எடத்துல மேடு பள்ளம் இல்லாம. போஜன் அதைத் தடவித் தடவிப் பாத்தாரு. போட்டோ எடுத்து அவங்கம்மாவுக்கு அனுப்புனாரு.

எல்லாம் முடிஞ்சதுக்கப்பறம் தம்பி மூக்கை வாங்கிட்டு வாரான். இதேதான், நீங்க கொண்டாந்திருக்கற இதே மாதிரிதான். மூக்குல இருந்து ஒரு சின்ன டப்பி. டப்பியில இருந்து கரண்டுக்கு ஒரு ஒயரு, எர்த்துக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்றதுக்கு ஒண்ணு. டிரைவரு கண்ணுல படற மாதிரி டேஷ்போர்டுல ஒரு மீட்டரு, அதுக்கு ஒண்ணு. எனக்கு இங்கிலீஸ் வராதுங்க, அவன்தான் காகிதத்தை வெச்சுக்கிட்டுப் படிச்சான். 'அக்கா, எர்த்தை மட்டும் கம்ப்யூட்டரு எர்த்து இருக்கற எடத்துலயே சேத்துடு'ன்னு என்னமோ சொன்னான்.

கம்ப்யூட்டரு எர்த்து எங்க இருக்குது? நான் கட்டி முடிச்ச கொடிக்குள்ள இருக்குது. அது இஞ்சின் மேல போயி முடியுது. அதைத் தொடோணும்னா ரெண்டடி டேப்பைப் பிரிக்கோணும். பிரிச்சுட்டு மறுபடி சுத்துனா, ஒட்டுப் போட்ட சீலையாட்டத்தானே இருக்கும்? எர்த்துன்னா எர்த்துதானுங்களே. காரு ஒடம்பு பூரா இரும்பு, எங்க தொட்டாலும் எர்த்து. பேட்டரிக்கு ஓரமா ஒரு போல்ட்டு இருந்துச்சு. பெயிண்ட்டைச் சொரண்டி, வாசர் போட்டு, சும்மா கும்முனு முறுக்குனேன். புடிச்சு இழுத்தா ஒயரு அறுந்தாலும் அறுந்துரும், முறுக்கு வுடாது. அத்தனை சுத்தம்.

அதைத் தம்பிகிட்டச் சொன்னேனான்னா? சொல்றதுக்கு என்னங்க இருக்குது. அவன் மேப்பு போடறப்ப, எந்த வரிக்கு என்ன நெம்பர்னு என்னைக் கேட்டா போடறான்?

கடையில வெச்சு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தோம். மீட்டர்லயும் லேப்டாப்லயும் ஒரே நெம்பர். அவனே பாத்தான். 'சூப்பர்க்கா'ன்னான்.

போன வருசத்துக்கு முந்துன வருசம், தை மாசம், டிராக்கு. மொத நாளு பழகறதுக்கு வுட்டிருந்தாங்க. போஜன் ஓட்ட, தம்பி பக்கத்து சீட்டுல லேப்டாப்பை மடியில வெச்சுக்கிட்டு நாலு ரவுண்டு சுத்துனாங்க. அவன் தலையைத் தூக்கவேயில்லை, எழுதறதும் அழிக்கறதுமா இருந்தான். எறங்கி வந்து, 'பன்னெண்டரையில புடிச்சு வெச்ச மாதிரி நிக்குதுக்கா'ன்னு சொல்லிட்டு, டயருக்குக் காத்தடிக்க அக்கட்டால போயிட்டான்.

அப்பத்தான் போஜன் எங்கிட்ட வந்தாரு. ஹெல்மெட்டைக் கையில புடிச்சுக்கிட்டு.

'அக்கா, லேப்டாப்ல பன்னெண்டரைங்கறாரு வெள்ளி. வேகமாப் போறப்ப எனக்கு மீட்டர்ல பதிமூணு எழுபது காட்டுது. எதை நம்பறது?'

நான் சொன்னேன், 'அட சாமி, அது சும்மா அழகுக்கு வெச்சது. கம்ப்யூட்டரு சொல்றதுதான் கணக்கு. நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க'ன்னேன்.

வேற யாரா இருந்தாலும் அப்படித்தானுங்க சொல்லியிருப்பாங்க? தம்பியை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாமேன்னு நீங்க நெனைக்கலாம். அவன் கூப்பிடு தூரத்துலதான் இருந்தான். கூப்பிட்டிருந்தா வந்திருப்பான். இத்துனூண்டு விசயத்துக்கெல்லாம் எதுக்குன்னு வுட்டுட்டேன். மேப்புக்காரன் அவன். மீட்டரையும் அவன்தானே பாத்திருக்கோணும்?

மறுநா மத்தியானம். நாலாவது ரவுண்டு. மூணு ரவுண்டு நல்லாப் போச்சு, நேரான எடத்துல வாரப்ப அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ள கேக்கும். போஜன் ஒரு கையைத் தூக்கிக் காட்டிட்டுப் போனாரு. நானும் கையைத் தூக்குனேன்.

அடுத்த சுத்துல ஒரு சத்தம். வெடிச்ச மாதிரி இல்லீங்க. இரும்புச் சட்டியைப் பாறையில போட்ட மாதிரி. பொகை. இஞ்சின் ஒடஞ்சு ஆயிலு ரோட்டுல ஊத்தி, அவரோட டயரே அதுல ஏறி, காரு ரெண்டு சுத்து சுத்தி டயரு அடுக்கி வெச்ச செவுத்துல போயி அடிச்சுது. என்ற தம்பி அப்படி ஓடி நான் பாத்ததில்லை. தொப்பை வெச்ச ஆளுங்க அவன். எல்லாருக்கும் முன்னால போயிக் கதவைப் புடிச்சு இழுத்தான். கையில ரத்தம். அவனோட ரத்தமா, அவரோட ரத்தமான்னு எனக்குத் தெரியலை.

உசுருக்கு ஒண்ணுமில்லை, மாரியாத்தா புண்ணியம். வலது காலு முழங்காலுக்குக் கீழ ரெண்டு எடத்துல முறிஞ்சுது. கம்பி வெச்சு, மூணு ஆபரேசன். இப்ப நடக்கறாரு, கைத்தடி வெச்சுக்கிட்டு. காரு ஓட்டறதில்லை. ஓட்ட முடியாதுன்னு இல்லையாம், ஓட்டறதில்லையாம்.

இஞ்சினைப் பிரிச்சுப் பாத்தப்ப பிஸ்டன் மெழுகுவத்தியாட்ட உருகிக் கெடந்துச்சுங்க. பாத்ததுமே மெக்கானிக்கு சொல்லிட்டாரு, பெட்ரோல் பத்தலைன்னு. சூடுன்னா என்னன்னு அப்பறம் சொல்றேன்னேனே, அதுதான்.

காரை லாரியில ஏத்தி எங்க கடைக்குத்தான் கொண்டாந்தாங்க. போஜனோட அண்ணாரு ஒருத்தரு, கோவக்காரரு. 'யாரும் தொடக்கூடாது, வெள்ளிக்கெழமை பெங்களூர்ல இருந்து ஆளு வருவாரு, பாத்துட்டு யாரு தப்புன்னு சொல்லட்டும்'னுட்டுப் போனாரு. நியாயம்தான். எனக்கென்ன பயம்? என்ற ஒயரிங்கை எவன் வேண்ணாலும் வந்து பாக்கட்டும்.

வியாழக்கெழமை நான் பேங்க்குக்குப் போயிட்டு மத்தியானம் வாரேன். தம்பி காருகிட்ட மண்டி போட்டுக்கிட்டு நிக்கறான். சாவி போட்டிருக்குது. இஞ்சின்தான் செத்துப்போச்சு, மத்ததெல்லாம் ஓடுது, பெட்ரோல் பம்பு, ஃபேனு எல்லாம் கொர்ருனு ஓடிட்டு இருக்குது. கையில கரண்டு அளக்கற மல்டிமீட்டரு. ஒரு முள்ளு பேட்டரி ஓரத்து போல்ட்டுல. இன்னொரு முள்ளு இஞ்சின் மேல, கம்ப்யூட்டரு எர்த்துல. அதைப் பாத்துக்கிட்டே இருக்கறான். நான் வந்ததுகூடத் தெரியலை.

'என்னடா பாக்கற?'ன்னேன்.

திரும்பிப் பாத்தான். 'இந்த எர்த்து நீ கட்டுனதாக்கா?'

'ஆமா. ஏன், லூசா இருக்குதா?'

'இல்லக்கா. நல்லா டைட்டா இருக்குது.'

'பொறவென்ன?'

அவன் என்ற மொகத்தையே பாத்தான். மல்டிமீட்டரை அணைச்சுட்டு, 'ஒண்ணுமில்லக்கா. நீ சாப்புட்டியா?'ன்னான்.

இதுதானுங்க, இதைத்தான் நான் சொல்றது. மூணு நாளா அந்தக் காரைச் சுத்திச் சுத்தி வந்தானே, எதுக்கு? என்ற வேலையில குத்தம் தேடியிருக்கான். எங்கயாச்சும் ஒரு முறுக்கு லூசா இருந்தா, ஒரு பின்னு சரியா அடிக்காம இருந்தா, அக்கா தலையில போட்டுட்டுத் தப்பிச்சுக்கலாம்னு. கெடைக்கலை. எப்படிக் கெடைக்கும்?

அது போகட்டும். சாயந்தரம் கடையைச் சாத்தப் போறப்பப் பாக்கறேன், என்ற கொடியை ரெண்டடிக்குப் பிரிச்சு வெச்சிருக்கான்! பேட்டரி ஓரத்துல இருந்த எர்த்தைக் கழட்டி, கம்ப்யூட்டரு எர்த்தோட கொண்டுபோய்ச் சேத்து, அவன் கையால டேப்பு சுத்தியிருக்கான். அந்தச் சுத்து இருக்குதே, பச்சைப் புள்ளை சுத்துன மாதிரி, மேடும் பள்ளமும். எனக்கு வந்துச்சு பாருங்க.

'யாரைக் கேட்டு என்ற ஒயரிங்குல கை வெச்ச?'

'வுடுக்கா.'

'நாளைக்கு வாரவங்க இதைப் பாத்தா என்ன நெனைப்பாங்க? துளசி கட்டுனதுன்னு சொல்லுவாங்களா இதை?'

'அக்கா, உன்னைக் கும்புட்டுக் கேக்கறேன். நாளைக்கு அவங்க கேட்டா எல்லாத்தையும் நான் பேசிக்கறேன். நீ ஒண்ணும் பேசாத. அந்த போல்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசாத.'

அவன் குரலு ஒரு மாதிரி இருந்துச்சு. நானும் வுட்டுட்டேன். ஆனா அவனைப் போகச் சொல்லிட்டு, அந்த டேப்பைப் பிரிச்சு நான் ஒருக்கா ஒழுங்காச் சுத்தி வெச்சேன். அப்படியே வுட மனசு வரலை.

மறுநா பெங்களூரு ஆளு வந்தாரு. கண்ணாடி போட்ட, பேச்சுக் கம்மியான மனுசன். ஒயரு ஒயராப் புடிச்சுப் பாத்தாரு, ரெண்டு மணி நேரம். எர்த்தையும் பாத்தாரு. எந்திரிச்சு, 'ஒயரிங்ல ஒரு கொறையும் இல்லை. இவ்வளவு நேர்த்தியா நான் பாத்ததில்லை'ன்னாரு. எல்லாரு முன்னாலயும் சொன்னாரு. அந்த வார்த்தையை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

'அப்ப யாரு தப்பு?'ன்னாரு போஜனோட அண்ணாரு.

'என்ற தப்புங்க'ன்னான் வெள்ளிங்கிரி. கேட்டு முடிக்கறதுக்குள்ள சொல்லிட்டான். 'மேப்பு நான்தான் போட்டேன். பெட்ரோலை நான்தான் எச்சாக் கொறைச்சுட்டேன். வேற யாரு மேலயும் குத்தமில்லை.'

அந்த அண்ணாரு அடிக்கப் போனாரு, நாலு பேரு புடிச்சுக்கிட்டாங்க. இவன் நவுரவேயில்லை, அடிச்சா வாங்கிக்கறேன்னு நிக்கற மாதிரி நின்னான். நான் அங்கதான் இருந்தேன். என்னமோ நெஞ்சுல இருந்து ஒரு கல்லு எறங்குன மாதிரி இருந்துச்சு. ஏன் அப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க, எதாச்சும் பேசோணுமில்ல? 'நான் அப்பவே சொன்னேன், இவன்கிட்ட அவசரப்படாதடான்னு'ன்னேன்.

சொன்னேனா அப்பவேன்னு கேக்காதீங்க. பொதுவாச் சொல்றதுதான்.

அவன் என்னைப் பாத்தான். கோவம் இல்லை. தலையை மட்டும் ஆட்டுனான், ஆமா, நீ சொன்னதுதான்ங்கற மாதிரி.

அதோட அவன் தொழிலு முடிஞ்சுதுங்க. இந்த ஓட்டப் பந்தயக்காரங்க கொஞ்சப் பேருதான், ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. இஞ்சினை உருக்குனவன்னு பேராயிப் போச்சு. ஒயரிங்குக்கு எங்கிட்ட வருவாங்க, அவன் மேப்பு போடறேன்னா வண்டியை எடுத்துட்டுப் போயிருவாங்க. எனக்கு வேலை கூடுச்சு, அவன் சும்மா உக்காந்திருந்தான். பெங்களூருக்காரரு சொன்ன சொல்லு எனக்கு ஊரெல்லாம் பேரு வாங்கிக் குடுத்துருச்சு. நீங்ககூட அதைக் கேள்விப்பட்டுத்தானே வந்தீங்க?

நான் ஒருக்கா கோத்தகிரிக்குப் போனேன், போஜனைப் பாக்க. அவங்கம்மா டீ வெச்சுக் குடுத்தாங்க. 'உங்க தம்பி வாராவாரம் வராருமா. பேசவே மாட்டாரு. இவன் காலைப் புடிச்சு, நீட்டி மடக்க வெச்சுட்டு, சாயந்தர பஸ்ஸுக்குப் போயிருவாரு'ன்னாங்க. எனக்குத் தெரியவே தெரியாதுங்க அது. எங்கிட்டச் சொல்லவேயில்லை. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சொல்லுவாங்க இல்ல, அதுதான்னு நெனைச்சேன்.

கெளம்பறப்ப போஜன், 'அக்கா, அன்னைக்கு அந்த மீட்டரு...'ன்னு ஆரம்பிச்சாரு. நான் செருப்பை மாட்டிட்டேன், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு. அவரு நிறுத்தலை. 'வெள்ளிகிட்டக் கேட்டேன்க்கா. மீட்டரைப் பாக்க வேண்டாம்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான்னு சொன்னாரு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க'ன்னாரு.

பாருங்க. அதையும் அவனே ஒத்துக்கிட்டான்.

ஆனா... அப்படி அவன் எனக்குச் சொல்லிக் குடுக்கலீங்க. ஒருநாளும் சொன்னதில்லை. எதுக்கு அப்படிச் சொன்னான்னு தெரியலை. பஸ்ஸுல மலை எறங்கற வரைக்கும் அதையேதான் நெனைச்சுட்டு வந்தேன். மேட்டுப்பாளையம் வந்ததும் வுட்டுட்டேன். ஊருப்பட்ட வேலை கெடக்குது, இதையே நெனைச்சுட்டிருந்தா ஆகுமா?

அடுத்த மாசம் துணிமணியைக் கட்டிக்கிட்டு வந்து நின்னான். திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறையில ஜெனரேட்டரு பாக்கற வேலையாம். போறேன்க்கான்னான். போன்னேன். வாசப்படிக்கிட்ட நின்னு, 'அக்கா, இனி மூக்கு வேலை எதாச்சும் வந்துச்சுன்னா, அந்த எர்த்தை மட்டும்...'ன்னான்.

'எனக்கு நீ சொல்லித் தராத'ன்னேன்.

மூட்டையைத் தூக்கிக்கிட்டு எறங்கிப் போயிட்டான். அதுதான் கடைசி. பொங்க நோம்பிக்குக்கூட வரலை. நானும் கூப்படலை.

அதுக்கப்பறம் மூக்கு வேலை ஒண்ணும் வரலீங்க. உங்களுதுதான் மொதல்ல. லைட்டு, ஆரன், மொத்த ஒயரிங்குன்னு வந்துச்சு, இது வரலை. அதனால என்ன, எனக்கு மறந்தா போயிரும்? அந்தக் காகிதத்தை எடுங்க. நீங்க படிச்சவங்கதானே, இங்கிலீஸைப் பாத்துத் தமிழ்ல சொல்லுங்க, அது போதும்.

ம்... செவப்பு, சாவி போட்டா கரண்டு வார எடத்துல. சரி. வெள்ளை, கம்ப்யூட்டருக்கு. சரி. கருப்பு...

ஏனுங்க? இன்னொருக்கா படிங்க.

கம்ப்யூட்டரோட எர்த்து எங்க முடியுதோ அதே எடத்துல. வேற எங்கயும் கட்டக்கூடாது. கட்டுனா?

பரவால்ல, படிங்க.

கம்ப்யூட்டருக்கு நெம்பரு தப்பாப் போகும். சும்மா நிக்கறப்ப சரியாக் காட்டும், வேகம் எடுத்தா மாறும். பெட்ரோல் இருக்கறதா நெனைச்சுக்கிட்டுக் கொறைச்சுரும். ம். இஞ்சின் உருகிரும்.

கட்டம் கட்டியா போட்டிருக்குது? காட்டுங்க. ஆமா, தடிச்ச எழுத்துத்தான்.

இது இப்பப் புதுசாச் சேத்திருப்பாங்க. முன்னால இருந்திருக்காது. காகிதத்துக்கு அடியில வருசம் போட்டிருக்கும் பாருங்க. எந்த வருசமுங்க?

...அப்படியா. அப்ப போஜன் காருக்கும் முந்துனதுதான்.

சித்த இருங்க. தண்ணி குடிச்சுட்டு வாரேன்.

இல்லீங்க, எனக்கு ஒண்ணும் பண்ணலை. வெயிலு. நல்லாத்தான் இருக்கறேன்.

ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க காரை நான் தொடலை. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, சலிச்சுக்காதீங்க. நீங்க ஊருக்குத் திரும்பிப் போற வழியிலதான் திருப்பூரு, கொஞ்சம் உள்ள போகோணும். அனுப்பர்பாளையத்துல போயிக் கேளுங்க. சாயப்பட்டறை பேரை எழுதித் தாரேன், எழுதியே வெச்சிருக்கேன், இந்த டிராயர்லதான் இருக்குது. அஞ்சு மணிக்கு வேலை முடிச்சு வெளிய வருவான். லேப்டாப்பை விக்கலை, வெச்சிருக்கான்னு கேள்விப்பட்டேன். மேப்பு அவன் போட்டுக் குடுப்பான். அவனாட்டம் போடறதுக்கு இந்தப் பக்கம் ஆளு கெடையாதுங்க.

ஒயருல மட்டும் கை வெக்க வேண்டாம்னு சொல்லுங்க, அவன் சுத்தற டேப்பு...

இல்ல. ஒயரையும் அவனே கட்டட்டுமுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க.